நடு வெளிச்சம்

தொட்டிருப்பாள். வேறென்ன. விளக்கைப் போட்ட கையோடு அதன் பித்தளை அடியை இன்னொரு தடவை தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டிருப்பாள். அதில் வெளிச்சம் ஒரு படி இறங்கியிருக்கும். அதனால்தான் பேப்பரில் எழுத்து கலங்குகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் இடது கை எதிலோ பட்டது. செம்பு உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. தண்ணீர் தரையில் ஓடியது. அங்கே செம்பு இருந்ததே அவருக்குத் தெரியாது.

"இன்னாத்தைத் தள்ளினீங்க?" என்று உள்ளேயிருந்து அரசியின் குரல். மனைவியின் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளம் கூப்பிட அவருக்குப் பொறுமை கிடையாது.

"செம்பு."

"கண்ணுக்கு எதிர்ல இருக்கிற செம்பையா?"

"யாரு இங்க வெக்கச் சொன்னது?"

"இந்த வீட்டுக்கு வந்த நாளா அங்கதான் வெக்கிறேன். இப்பத்தான் உங்களுக்கு இடிக்குது." துணியோடு வந்து துடைத்தாள். பிறகு கோதுமைத் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "மில்லு மூடறதுக்குள்ள அரைச்சிகினு வந்துடறேன். கூட்டமா இருந்தா லேட்டாவும். கதவைச் சாத்திகினு போறேன், நீங்க தாழ் போட்டுடாதீங்க. காதுல விழுதா?"

"ம்."

"வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"போ. மூடிடப் போறான்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. இன்றைக்கும் கேட்கவில்லை. விளக்கைத் தொட்டாயா என்று கேட்டிருக்கலாம். அவள் விளக்கைப் போடும்போது அவர் தோட்டத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. முன்பெல்லாம் தினமும் கேட்பார். கேட்பதென்ன, கத்துவார். இப்போது ஒரு வாரமாகக் கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து பெண் பூங்கோதை அனுப்பிய விளக்கு அது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு மாதிரி வெள்ளை வெள்ளையாக என்னவோ, அதற்குள் கண்ணாடி. மழைக்காளான் குடை விரித்த மாதிரி உருவம். பால் விடாத டீயின் நிறம். டிசைனர் லாம்ப் நைனா, வாயால ஊதிச் செஞ்ச கண்ணாடி, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது என்று போனில் சொன்னாள். ஊதினவன் நுரையீரல் என்ன ஆச்சோ என்றார் இவர். சுவிட்சே கிடையாது, அடியில தொட்டா எரியும், ஒவ்வொரு தொடலுக்கும் ஒரு படி கம்மியாவும், நாலாவது தொடலுக்கு அணைஞ்சிடும் என்றாள். அதாவது டிம், பிரைட் ரெண்டும் உண்டு. அது அவருக்குப் பிடித்திருந்தது. அரசு பஸ் ஓட்டி ரிடையரானவருக்கு அதைவிட வேறென்ன பிடிக்கும். நீ பேப்பர் படிக்கத்தான் நைனா அனுப்பினேன் என்றாள். பேப்பர் படிக்க. அந்தப் பெண்ணுக்கு எதாவது தெரியுமா, யாராவது சொன்னார்களா, சொல்ல யாருக்குத் தெரியும், யாருக்கும் தெரியாது. முதல் நாளே அரசி வம்பைத் தொடங்கினாள். பூஜை அறையில் அகல் ஏற்றினாலும் சரி, ஹாலில் டியூப்லைட் போட்டாலும் சரி, வெளிச்சம் வந்ததும் கும்பிட்டாக வேண்டும் அவளுக்கு. டியூப்லைட் எட்டாது, அதனால் கும்பிடுவதோடு சரி. இது கைக்கு எட்டியது. தொட்டாள், முழு வெளிச்சம் வந்தது. பயபக்தியோடு மறுபடி அடியைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டாள், வெளிச்சம் பாதியாயிற்று. அய்யய்யோ என்று பயந்துபோய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி தொட்டு ஒத்திக்கொண்டாள், இன்னும் இறங்கியது. அன்றைக்கு அவர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. விளக்கைத் தொடாதேன்னா கேக்க மாட்டியா என்று அவர் கத்துவதும், விளக்கை ஏத்திட்டுத் தொட்டுக் கும்பிடாம நிக்கிறதுக்கு நான் இன்னா இந்துவா இல்லியா என்று அவள் திருப்பிக் கொடுப்பதும் வாடிக்கையாயிற்று. அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. எழுத்து தெரியவில்லை, ஏன் தெரியவில்லை, வெளிச்சம் நடுவில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, இவள் தொட்டுவிட்டாள். முடிந்தது கணக்கு. எழுந்து விளக்கை முழுசாக வைத்துக்கொண்டால் போகிறது. ஒருநாளும் வைத்துக்கொள்ளவில்லை. கை போகும். பித்தளை வரைக்கும் போகும். திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். முழு வெளிச்சத்திலும் தெரியாவிட்டால்? அதற்குமேல் ஏற்ற படி கிடையாது.

பேப்பரை விளக்குப் பக்கம் சாய்த்தார். தலைப்பு தெரிகிறது. அமைச்சர் யாரோ எதையோ திறந்து வைக்கிறார், எப்போதும் யாராவது எதையாவது திறந்து வைக்கிறார்கள், அதைப் படிக்கக் கண் எதற்கு. கீழே இருப்பதுதான் எறும்பு ஊர்கிறது. வரியின் தொடக்கம் இல்லை. வலது கோடியிலிருந்து பின்னால் வந்து, பின்னால் வந்து, எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. தலையை இடப்பக்கம் திருப்பினால் தொடக்கம் வருகிறது, முடிவு எங்கோ போகிறது. மை சரியில்லை. இப்போதெல்லாம் பேப்பர்காரன் மையில் தண்ணீர் கலக்கிறான். விளக்கைப் பார்த்தார். கண்ணாடிக் குடையைச் சுற்றி ஒரு வளையம், வானவில் மாதிரி. நீலம், மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. அது விளக்கின் அழகு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். டிசைன் என்றால் அப்படித்தான் இருக்கும், ஊதினவன் ஏதோ பொடியைக் கலந்து ஊதியிருப்பான். பூங்கோதையிடம்கூடச் சொல்ல இருந்தார், வளையம் நன்றாயிருக்கிறதம்மா என்று. நல்ல காலம், சொல்லவில்லை. அடுத்த நாள் வாசலில் நின்றபோது தெருவிளக்கைச் சுற்றியும் அதே வளையம் இருந்தது. தெருவிளக்கை எவன் டிசைன் பண்ணினான்? மழை ஈரம் என்று சொல்லிக்கொண்டார். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

எதிரே வருகிறவன் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அதைப் பார்க்கக் கூடாது. அதுதான் பாடம். எதிர் வெளிச்சத்தைப் பார்த்தவன் செத்தான். நாம் டிம் அடிக்க வேண்டும், மரியாதை தெரிந்தவன் அவனும் அடிப்பான், தெரியாத நாய் அடிக்க மாட்டான். பாதி லாரிக்காரன் அடிக்க மாட்டான். அப்போது ஒன்றும் தெரியாது. வெள்ளையாக ஒரு சுவர் வந்து கண்ணாடியில் மோதும். பின்னால் அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள், ஒரு குழந்தை அழும், எவனோ ஒருவன் ஜன்னலை மூடுங்க சார் என்பான். அந்த நேரத்தில் இடப்பக்கம் ரோட்டோரத்து வெள்ளைக் கோடு ஒன்றுதான் தெய்வம். அதை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் வெள்ளைச் சுவர் தானாகக் கிழிந்து பின்னால் போய்விடும். விக்கிரவாண்டி தாண்டி, மயிலம் ரோடு தாண்டி, எத்தனை சுவர் கிழிந்திருக்கும். இடது ஓரத்தைப் பார்த்தே பிழைத்த கண். இப்போது அந்த இடது ஓரத்தைத்தான் காணவில்லை. கறுப்பாக இருக்கிறதா என்றால் கறுப்பும் இல்லை. முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது? ஒன்றும் தெரிவதில்லை அல்லவா, அப்படி. முதுகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வருகிறது. போன மாதம் மொபெட்டில் போகும்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளோடு முளைத்தாள். வரவில்லை, முளைத்தாள். பிரேக்கைப் பிடித்ததில் அவர்தான் விழுந்தார். அந்தப் பெண், தாத்தா நான் பெல் அடிச்சிகினேதானே வந்தேன் என்றாள். பெல் காதில் விழுந்ததுதான். எங்கிருந்து என்று தெரியவில்லை. அன்றோடு மொபெட்டை மூடிவைத்து முட்டி வலி என்று சொல்லிவிட்டார். அரசி தினமும் பிண்டத் தைலம் காய்ச்சி நல்ல முட்டியில் தேய்க்கிறாள். அது பாட்டுக்கு வழவழவென்று இருக்கிறது.

ஏகாம்பரத்துக்கும் இப்படித்தான். நினைக்கக் கூடாது என்று இருந்தார், நினைப்பு வந்துவிட்டது. ஏகாம்பரம் அவரோடு ஒரே டெப்போவில் வண்டி ஓட்டியவன். திருவண்ணாமலை ரூட்டு. கண் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, ஸ்டீயரிங்கை விட்டு அனுப்பினார்கள். காலையில் வண்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. குடத்தோடு நிற்பான். வண்டிக்குள் ஏறிச் சீட்டைத் துடைக்கிற சாக்கில் ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பான். கிண்டல் பண்ணுகிறவர்கள் இன்னாபா ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வரியா என்பார்கள். அவன் சிரிப்பான், எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் சிரிப்பான். அவன் ஒருநாள் டீக்கடையில் சொன்னான். வலியே இல்ல சிகாமணி, அதான் மோசம். வலிச்சா ஓடியிருப்பேன். ஓரத்துலேருந்து தின்னுகினே வந்திருக்குது, நடுவுல நல்லாத் தெரிஞ்சிது, நான் எனக்கு ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம், முன்னாடியே வந்திருக்கணும்னான் டாக்டர். மிச்சம் இருந்தாத்தானே. டீயை வைத்துவிட்டு அவன் டம்ளரைத் தேடினான். அவன் எதிரில்தான் இருந்தது. ஏகாம்பரம் இப்போது இல்லை. மிச்சம் என்று அவன் சொன்ன சொல் மட்டும் எங்கிருந்தோ வந்து இந்த ஹாலில் நிற்கிறது. போனால் சொட்டு மருந்து தருவார்கள். போகாவிட்டால் தினம் ஒரு விரல்கடை பார்வை போகும். தெரிகிறது. தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார். போய் உட்கார்ந்தால் டாக்டர் முகவாயைத் தகர மேடையில் வைக்கச் சொல்வான், பொத்தானை அமுக்கு என்பான், புள்ளி தெரிஞ்சா அமுக்கு. தெரியாத புள்ளிகள் எத்தனை வந்து போயின என்று அவனுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. அப்புறம் அவன் அரசியைக் கூப்பிட்டுச் சொல்வான். அவளோ மெயின் ரோட்டைக் கடக்க இவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறவள். கண்ணை மூடிக்கொண்டவளைக் கண் போனவன் கூட்டிக்கொண்டு போவதா. நல்ல ஜோடி. லாரிக்காரன் கும்பிட்டு விலகுவான்.

ஆனால் அதெல்லாம் வெளிச்சம் முழுசாக இருந்தால்தான். இது நடு வெளிச்சம். நடு வெளிச்சத்தில் எந்த வயசானவனுக்கு எழுத்து தெரியும்? அடுத்த வீட்டு ரிடையர்ட் வாத்தியாருக்குத் தெரியுமா? கூப்பிட்டுக் கேட்டால் தெரியும் என்பான், பொய்யன். எனக்குப் பயமில்லை, எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, இது நடுவா முழுசா. நேரே பார்த்துச் சொல்ல முடியவில்லை. சந்தேகத்தில் இருக்கிற கண்ணையே வைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்க முடியாது. கையை அருகில் கொண்டுபோனார். சூடில்லை. பஸ்ஸின் முகப்பு விளக்கில் மார்கழி மாதம் குளிர் காயலாம், இதில் எந்தப் படியிலும் சூடில்லை, சூடில்லாத வெளிச்சத்தை என்னவென்று நம்புவது. அப்போதுதான் தோன்றியது. இத்தனை நாளும் தோன்றாததா, தோன்ற விடாமல் வைத்திருந்ததா தெரியாது. தொட்டு எண்ணினால் போயிற்று. முழுசு, நடு, டிம், அணைப்பு. இப்போது நடுவில் இருந்தால் முதல் தொடலுக்கு டிம், இரண்டாவதுக்கு அணைந்துவிடும். முழுசில் இருந்தால் இரண்டு தொட்டாலும் எரிந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான். அணைந்தால் பிழைத்தேன். விளக்கு அணைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற மனுஷன் ஊரிலேயே நான் ஒருவன்தான், அரசி கேட்டால் வாயிலேயே போடுவாள்.

கை போயிற்று. பித்தளை ஜில்லென்றிருந்தது. தொட்டார். இறங்கியது. இறங்கியது தெரிந்தது, அந்த மட்டும் கண் இருக்கிறது, சபாஷ். சுவரில் காளானின் நிழல் மங்கியது. ஒன்று. இத்தோடு நிறுத்திவிட்டு எழுந்து போய் வாசலில் நிற்கலாம். யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. தெருவில் குக்கர் விசில் சத்தம், யாரோ யாரையோ டேய் செல்வம் என்று கூப்பிடுகிறார்கள், செல்வம் வரவில்லை. மில்லில் கூட்டமாக இருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. வெள்ளைச் சுவர் வருகிறபோதுகூட இப்படி அடித்ததில்லை. அப்போது பின்னால் ஐம்பது பேர் இருந்தார்கள், பயப்பட நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது. அணைஞ்சிடு. நாய்ப் பிழைப்பு, அணைஞ்சித் தொலை. தொட்டார்.

அணையவில்லை.

சிவப்பாக, கரி அடுப்பின் அடியில் மிச்சமிருக்கிற தணல் மாதிரி, எரிந்துகொண்டிருந்தது. விரல் சரியாகப் படவில்லையோ. பட்டது, வெளிச்சம் இறங்கியதே. முதல் தடவை இரண்டாகப் பட்டிருக்குமோ. பட்டிருந்தால் இப்போது அணைந்திருக்க வேண்டும். இயந்திரத்தில் கோளாறு இருக்கும். இன்னொரு தடவை தொட்டார். டக்கென்று இருட்டு. மூன்று. இயந்திரத்தில் கோளாறில்லை. முதலிலிருந்தே முழுசாகத்தான் எரிந்திருக்கிறது. முழு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, நடு வெளிச்சம் நடு வெளிச்சம் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்றைக்கு மட்டுமா, நேற்றுமா, எத்தனை நாளாக. மறுபடி போடத் தோன்றவில்லை. இருட்டில் இடதும் வலதும் ஒன்றாக இருந்தது. அதில் ஒரு நிம்மதிகூட வந்தது. வந்ததே என்று அதற்கும் பயந்தார்.

கதவு திறந்தது. புது மாவின் வாசனை முதலில் வந்தது.

"அய்ய, இன்னாங்க இது. விளக்கு வெச்ச வீட்டை இருட்டாக்கிகினு உக்காந்திருக்கீங்க? கரண்டு போச்சா? ஃபேன் சுத்துதே." தூக்கை வைத்தாள். தடவிக்கொண்டு வந்து விளக்கைத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்து கைகூப்பித் தன் விரல் நுனியையே கண்ணில் ஒத்திக்கொண்டாள். வலப்பக்கம் நின்றாள், அதனால் அவருக்குத் தெரிந்தது.

"தொடலியா?"

"எதை?"

"விளக்கை. தொட்டுக் கும்பிடுவியே."

"அதான் பூங்கோதை சொல்லிச்சே, நீ தொடத் தொட நைனாவுக்கு வெளிச்சம் கம்மியாவுதும்மா, தள்ளி நின்னு கும்பிடுன்னு. நீங்களும்தான் தெனம் கத்தினீங்க. போன வெள்ளிக்கிழமையிலேருந்து நான் அதைத் தொட்டு..."

நின்றுவிட்டாள். அவர் மடியில் பேப்பர் பிரித்த பக்கத்திலேயே கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷனின் பேசாமையில் எத்தனை ரகம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். இது அவள் பார்க்காத ரகம்.

"இல்ல இல்ல," என்றாள் அவசரமாக. "இன்னிக்குத் தொட்டேன். சாயங்காலம். பழக்கம் பாருங்க, கை தானா போயிடுச்சு."

"எத்தினி தடவ?"

"ஒரு தடவதான். ஒண்ணா, ரெண்டா... தொட்டேங்க. நேத்துகூடத் தொட்டேன். திட்டுவீங்கன்னு சொல்லல."

அவளுக்குப் பொய் வராது. குரல் மேலே மேலே ஏறிப்போய் மெலிந்து நின்றது. கையில் மாவு ஒட்டியிருந்தது, அதோடு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யை அவர் வாங்கிக்கொள்ளலாம். அறிவிருக்குதா உனக்கு, எத்தினி தடவ சொல்றது என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அவளும் சந்தோஷமாகத் திட்டு வாங்குவாள். சப்பாத்தி போடுவாள். இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம். ஒரு மாதத்தில் எத்தனை விரல்கடை என்று மனசு எண்ணத் தொடங்கியது. ஏகாம்பரம் டம்ளரைத் தேடினான்.

"அரசி."

"இன்னாங்க."

"பொய் சொல்லாதே."

அவள் அழவில்லை. முந்தானையைத் திருகுவதை விட்டாள். "எவ்ளோ நாளா?"

"தெரியல."

"ஒரு கண்ணா, ரெண்டுமா?"

"இந்தப் பக்கம் ஜாஸ்தி," என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். வந்ததும் காணாமல் போனாள். புடவைச் சரசரப்பு இருந்தது, மாவு வாசனை இருந்தது, மூச்சு இருந்தது, அவள் இல்லை. பிறகு அவர் கைமேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. சொரசொரவென்று, மாவோடு.

"நான் எங்க இருக்கிறேன், தெரியுதா?"

"பேசறியே. தெரியாம?"

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா."

"காலையில புதுச்சேரி. கண்ணாஸ்பத்திரி. நீயும் வா."

"வராம பின்ன. பஸ்சுலதானே?"

"பஸ்சுலதான். ஸ்டாண்டுல போர்டை நீ படிச்சிச் சொல்லு."

கைமேல் இருந்த கை இறுகியது. "நான் எழுத்துக் கூட்டித்தானே படிப்பேன். அதுக்குள்ள பஸ் போயிடுமே."

தெய்வசிகாமணி விளக்கைப் பார்த்தபடியே இருந்தார்.

"போவட்டும். அடுத்த பஸ்ல போலாம்."